மேசைக்குப் பின்னால் இருப்பவர் செய்ததா? – ரசிகர் மாநாட்டு அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரசிகர் மாநாட்டு அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

காமிக்ஸ், அனிமே, அறிவியல் புனைகதை, கேம் என எந்த ரசனையை முன்வைத்து நீங்கள் மாநாடு நடத்தினாலும், அரங்கின் ஒரு பகுதியை ஓவியர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் ஒதுக்கி வைக்கிறீர்கள். ஆர்ட்டிஸ்ட் ஆலி என்று எல்லோரும் அழைக்கும் அந்த வரிசைகளில் எட்டு ஆண்டுகளாக மேசை எடுத்து, கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே முறையில் நானே செய்த பொம்மைகளை விற்றுவருகிறேன். குறிப்பிட்ட ஒரு மாநாட்டைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் கலந்துகொண்ட பல மாநாடுகளிலும் ஒரே சிக்கலைப் பார்த்தேன். அதைத் தீர்க்கும் அதிகாரம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. என் வேண்டுகோள் இதுதான்: கைவினை மேசையில் விற்கப்படும் பொருள், அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் தம் கையால் செய்ததாகவோ தாமே வரைந்து உருவாக்கியதாகவோ இருக்க வேண்டும் என்று விதி எழுதுங்கள், எழுதிய விதியை மாநாட்டு நாளன்று நடைமுறைப்படுத்துங்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாநாட்டில் என் பக்கத்து மேசைக்குக் காலையிலேயே ஐந்தாறு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. பிரித்தபோது உள்ளே தனித்தனி பிளாஸ்டிக் உறைகளில் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே முகம் கொண்ட குரோஷே பொம்மைகள் அடுக்கடுக்காக இருந்தன. அரை மணி நேரத்தில் உறைகளெல்லாம் மேசைக்கடியில் போய்விட்டன. மேலே 'கையால் செய்தவை' என்ற பலகை நின்றது. நண்பகல் வாக்கில் பள்ளி மாணவி ஒருத்தி என் மேசையில் இருந்த கையகல டிராகனை எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "பக்கத்தில் இதில் பாதி விலைக்குத் தருகிறார்களே அக்கா, அதுவும் கையால் செய்ததுதானே?" என்று கேட்டாள். அவள் பேரம் பேசவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அந்த நேரத்தில் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவள் டிராகனைக் கவனமாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

வாய் வராததற்குக் காரணம், அவள் சொன்னது உண்மை என்பதுதான். கம்பிப் பின்னலுக்கு இயந்திரம் உண்டு. தொழிற்சாலைகளில் ஸ்வெட்டர்கள் அப்படித்தான் தயாராகின்றன. குரோஷே அப்படியல்ல. ஒற்றைக் கொக்கி ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக இழுத்து முடிக்கும் அந்தப் பின்னலை மனிதக் கையைப் போலச் செய்து தள்ளும் இயந்திரம் தொழிற்சாலைப் புழக்கத்தில் இல்லை. ஆகவே, கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒரு குரோஷே பொம்மை யாரோ ஒருவர் உட்கார்ந்து பின்னியதாகத்தான் இருக்கும். பக்கத்து மேசையில் இருந்த பொம்மைகளும் கையால் செய்தவையே. அவற்றைப் பின்னிய கைகள் அந்த மேசையில் இல்லை. மொத்தமாக வாங்கி அந்த விலைக்கு விற்று, அதிலும் லாபம் பார்க்க முடிகிறதென்றால் அந்தக் கைகளுக்கு என்ன கூலி போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

இதனால்தான், 'கையால் செய்த பொருட்கள் மட்டுமே' என்று உங்கள் விண்ணப்பத்தில் இருக்கும் ஒற்றை வரி போதாது என்கிறேன். யாருடைய கை என்று அந்த வரி கேட்கவில்லை. வாங்கி விற்பவர் அதே வரிக்குக் கீழே கையெழுத்திட்டுவிட்டு, பொய் சொல்லவில்லை என்ற நிம்மதியோடு மேசை போட்டுக்கொள்ள முடிகிறது.

ஒரு பொம்மை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் வந்து பார்க்க அழைக்கிறேன். என் டிராகனின் தலை ஒரு சிறு நூல் வளையத்தில் தொடங்கும். முதல் சுற்றில் 6 கண்ணிகள், அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24 என்று சுற்றுக்கு ஆறாறாகக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்திவிட்டு அதே எண்ணிக்கையில் பின்னினால் அது கிண்ணமாகக் குழியும். குறைத்துக்கொண்டே வந்தால் உருண்டையாக மூடும். மூடுவதற்கு முன்பே கண்களைப் பொருத்திவிட வேண்டும். கண் பொத்தானின் காம்பை வெளியிலிருந்து செருகி, உள்பக்கம் வில்லையை வைத்து அழுத்திவிட்டால் அதன்பின் கழற்ற முடியாது. ஒரே ஒரு கண்ணி தள்ளிச் செருகினாலும் சாதுவாக இருக்க வேண்டிய முகம் திடுக்கிட்டது போல ஆகிவிடும். ஆகவே செருகுவதற்கு முன் குண்டூசி குத்திவைத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்ப்பேன். பல நேரங்களில் மறுநாள் காலை மீண்டும் ஒருமுறை பார்த்த பிறகே அழுத்துவேன். இறக்கை, வால், முதுகு முட்கள் எல்லாம் தனித்தனியே பின்னித் தைக்கப்படுபவை. ஒரு டிராகனுக்கு எனக்கு ஏழு மணி நேரம் ஆகிறது. மாநாட்டுக்கு நாற்பது டிராகன்கள் கொண்டுவர வேண்டுமென்றால் மாதக்கணக்கில் மாலை நேரங்கள் முழுவதும் அதற்கே போய்விடும்.

என் வரிசையில் இருக்கும் மற்றவர்களின் உழைப்பும் இதற்குக் குறைந்ததல்ல. ரெசின் என்ற இறுகும் பிசினில் நகை செய்பவர், அதில் ஒரு வகையான எபாக்சியை ஊற்றினால் அது முழுதாக இறுகுவதற்கு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை காத்திருப்பார்; இடையில் ஒரு குமிழி மேலே வந்துவிட்டால் தேய்த்து மீண்டும் பூச வேண்டும், தேய்க்கும்போது பறக்கும் தூளுக்கு முகமூடி இல்லாமல் உட்கார முடியாது. சூட்டில் இறுகும் பாலிமர் கிளே என்ற செயற்கைக் களிமண்ணில் சிறு உருவங்கள் செய்பவருக்கு, அடுப்பின் சூடு கொஞ்சம் கூடினால் நிறம் கருகும், குறைந்தால் சில வாரங்களில் பொருள் நொறுங்கும். கதாபாத்திரம் போல வேடமிடும் காஸ்ப்ளேக்கு, ஈவிஏ ஃபோம் என்ற மென்நுரைத் தகட்டில் கவசம் வெட்டி ஒட்டுபவர் ஒவ்வொரு வளைவையும் வெப்பக் காற்றால் சூடாக்கிக் கையால் வளைக்கிறார். பெட்டியைப் பிரித்து அடுக்கியவரையும் இவர்களையும் ஒரே பலகைக்குக் கீழே, ஒரே மேசைக் கட்டணத்தில் உட்கார வைத்தால், வருகிறவருக்கு விலை ஒன்றுதான் வித்தியாசமாகக் கண்ணில் படும்.

நான் கேட்கும் விதி எல்லோரையும் ஊசி பிடிக்கச் சொல்வதல்ல என்பதையும் இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சட்டையில் குத்திக்கொள்ளும் எனாமல் பின்களை எவரும் வீட்டில் அச்சடிப்பதில்லை. ஓவியர் வடிவமைப்பைக் கொடுப்பார், தொழிற்சாலை அச்சு வெட்டி உலோகத்தில் அடித்து நிறம் நிரப்பித் தரும். அக்ரிலிக் கீ செயின், ஸ்டிக்கர் தாள், பெரிய அளவு பிரிண்ட் ஆகியவையும் பெரும்பாலும் அச்சகத்தில்தான் தயாராகின்றன. அவற்றில் இருக்கும் கோடு அந்த ஓவியருடையது. அதை வரைய அவர் கற்றுக்கொண்ட ஆண்டுகளும் அவருடையவை. 'கையால் செய்தது' என்று மிகக் கறாராக எழுதி அவர்களை வெளியேற்றிவிட்டால், வாங்கி விற்பவரைத் தடுக்கப் போய் உண்மையான படைப்பாளியைத் தடுத்ததாகிவிடும். ஆகவே இருவகைக்கும் இடம் கொடுத்து, அதை மேசையிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்: 'நானே செய்தது' என்று ஓர் அட்டை, 'என் வடிவமைப்பு, தொழிற்சாலைத் தயாரிப்பு' என்று இன்னோர் அட்டை. இரண்டும் மரியாதைக்குரியவை. வாங்கி விற்பவருக்கும் மாநாட்டில் இடம் இருக்கட்டும். வணிகக் கடைகளுக்கென்று நீங்கள் ஒதுக்கும் அரங்கில், அதற்குரிய கட்டணத்தில் அவர் கடை போடட்டும்.

படம் உருவாக்கும் மென்பொருளுக்கு நாலு சொற்களைக் கொடுத்து எடுத்த படங்களை பிரிண்ட் போட்டு விற்கும் மேசைகளும் இப்போது வருகின்றன. இவற்றைக் கைவினைப் பகுதியில் அனுமதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த மேசைக்காரரிடம் ஒரு மாணவி வந்து, இந்த விரலை ஏன் இப்படி மடக்கினீர்கள் என்று கேட்டால் அவரால் விடை சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த விரலை மடக்க அவர் முடிவெடுக்கவே இல்லை.

இனி, எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். அமைப்பாளர்கள் சிலரிடம் நேரில் பேசியபோது, விதி எழுதுவது எளிது, நூற்றுக்கணக்கான மேசைகளை யார் போய்ப் பார்ப்பது என்றுதான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், உங்களில் பெரும்பாலானோர் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள் என்பதை அறிவேன். ஆனால் இதைவிடப் பன்மடங்கு பெரிய அளவில் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். டோக்கியோவில் நடக்கும் காமிக்கெட், அதாவது ரசிகர்கள் தாங்களே வெளியிடும் காமிக்ஸ் புத்தகங்களை விற்கும் சந்தை, 1975 டிசம்பரில் 32 குழுக்களோடும் ஏறத்தாழ 700 பேரோடும் தொடங்கியது. இன்று ஆயிரக்கணக்கான குழுக்கள் அங்கே மேசை போடுகின்றன. அங்கே ஒவ்வொரு குழுவும் புதிதாகக் கொண்டுவரும் படைப்பின் மாதிரிப் பிரதி ஒன்றை விற்பனைக்கு முன்பே மாநாட்டுப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பணியாளர் மேசைக்கே வந்து வாங்கிப் பார்க்கிறார். சோதிக்கும் பொருளும் நோக்கமும் வேறாக இருக்கலாம். கதவு திறப்பதற்கு முன் ஒருவர் ஒவ்வொரு மேசைக்கும் வந்து நின்று பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறார் என்ற வழக்கத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கைவினைப் பொருளைப் பொறுத்தவரை சோதிப்பது இன்னும் எளிது. விண்ணப்பத்தோடு, முடிந்த பொருளின் படங்களை மட்டும் கேட்காமல், பாதியில் இருக்கும் பொருளின் படங்களையும் கேளுங்கள். மூடாத தலை, தைக்காத இறக்கை, வண்ணம் பூசாத கவசம், வரைந்து அழித்த பென்சில் கோடுகள், அடுக்கு அடுக்காக இருக்கும் ஓவியக் கோப்பு ஆகியவை செய்தவரிடம் எப்போதும் இருக்கும். வாங்கியவரிடம் முடிந்த பொருள் மட்டுமே இருக்கும். மாநாட்டு நாளன்று காலை, மேசை அடுக்கும் நேரத்தில் இருவர் ஒரு சுற்று வரட்டும். பெட்டிகள் பிரிக்கப்படும் அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணில் படுவது, பலகைகள் எல்லாம் நின்ற பிறகு படாது. சந்தேகம் வந்தால், 'இதை எப்படிச் செய்தீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். செய்தவரை அந்தக் கேள்வி மகிழ்விக்கும். பதிலை நிறுத்துவதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும்.

மீறியவர் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அந்த இடத்திலேயே மேசையைக் காலிசெய்யச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பொருட்களை மேசையிலிருந்து எடுத்துவிடச் சொல்வது, அடுத்த மாநாட்டில் இடம் தராமலிருப்பது என்ற இரண்டும் உறுதியாக நடந்தால் போதுமானது. புகார் சொல்பவரின் பெயர் வெளியே வரக் கூடாது என்பது இதில் மிக முக்கியம். அன்று நான் வாய் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம்: பக்கத்து மேசைக்காரரோடு இன்னும் ஒன்றரை நாள் தோளோடு தோள் உட்கார வேண்டியிருந்தது, போட்டி பொறுக்காமல் சொல்கிறாள் என்று வரிசையே நினைத்துவிடுமோ என்ற அச்சமும் இருந்தது.

மேசை ஒதுக்கும் முறையும் இதோடு சேர்ந்ததே. முந்துபவருக்கே மேசை என்று பதிவைத் திறந்தால் சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. அந்த நிமிடங்களில் வெல்பவர் வேகமான இணைய இணைப்பும், பல விண்ணப்பங்களை ஒரே நேரத்தில் நிரப்ப ஆட்களும் உள்ளவர். அவர் பெரும்பாலும் வணிகராகவே இருக்கிறார். குலுக்கல் முறை இதைவிட நியாயமானது. ஆனால் அதற்குக் கண் இல்லை. முதலில் விண்ணப்பங்களைப் பார்த்து, சொந்தப் படைப்பு உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்து, அவர்களுக்குள் குலுக்கல் போடுங்கள். புதியவர்களுக்கென்று சில மேசைகளைத் தனியே வையுங்கள். இடம் கிடைக்காதவருக்கு அதை உடனே தெரிவித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர், கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாமலேயே நூலும் ரெசினும் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்.

ரசிகர் படைப்புகளின் உரிமை பற்றியும் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநாட்டின் இரண்டாம் நாள் காலையில், புகழ்பெற்ற ஒரு கதாபாத்திரத்தின் உருவில் நான் பின்னியிருந்த பொம்மைகளை மேசையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். உரிமையாளர் கேட்டால் எடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. பிறர் உருவாக்கிய கதாபாத்திரத்தை வைத்து விற்பவள் நான் என்பதை நான் மறந்ததுமில்லை. ஆனால் விண்ணப்பத்தில் 'சட்டப்பூர்வப் பொறுப்பு விற்பவரையே சாரும்' என்பதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. மூன்று மாத வேலை பைக்குள் போனது. எந்தப் படைப்புகளுக்கு அனுமதி இல்லை என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், கட்டணம் வாங்குவதற்கு முன்பே அதை எங்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் இன்னும் ஒரு படி மேலே போங்கள். ஜப்பானில் கராஜ் கிட் எனப்படும் சிற்றுருவங்களைச் செய்பவர்களுக்காக நடக்கும் ஒண்டர் ஃபெஸ்டிவலில் 'அன்றைய நாள் உரிமை' என்றொரு முறை இருக்கிறது. தனிநபராகச் செய்யும் ஒருவர் தம் சிற்றுருவத்துக்கான விண்ணப்பத்தை மாநாட்டுக் குழுவிடம் கொடுக்கிறார்; குழு அதை உரிமையாளரிடம் கொண்டுசேர்க்கிறது; உரிமையாளர் ஒப்புக்கொண்டால் அந்த ஒரு நாளுக்கு, அந்த அரங்குக்குள் மட்டும் விற்க அனுமதி கிடைக்கிறது. ஒரு தனிநபர் ஒரு பெரிய நிறுவனத்தின் கதவைத் தட்டினால் பதில் வருவது அரிது. அதே கதவை ஒரு மாநாடு தட்டினால் திறக்க வாய்ப்பு இருக்கிறது. எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. ஒன்றிரண்டு ஒப்புக்கொண்டாலும், தலை நிமிர்ந்து விற்கக்கூடிய பொருட்கள் எங்கள் மேசையில் சில இருக்கும்.

படைப்பாளியே மேசையில் இருக்க வேண்டும் என்று விதி எழுதினால், அவர் அங்கே நாள் முழுவதும் இருக்க முடியும்படியும் செய்ய வேண்டும். எங்களில் பலர் தனியாகவே வருகிறோம். பத்து மணி நேரத்தில் ஒருமுறைகூடக் கழிப்பறைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவர்களை நான் அறிவேன். வரிசைக்கு ஒரு தன்னார்வலர், பதினைந்து நிமிடம் மேசையைப் பார்த்துக்கொள்ள வந்தால் அது பெரிய உதவி. நாள் முழுவதும் உட்கார உடல்நிலை இடம் தராதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 1960இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் பீஜோ டிரிம்பிள் என்ற ரசிகை ஓவியக் காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தார். அந்த வழியில் வளர்ந்த காட்சிகளில் ஓவியர் வராமலேயே படைப்பை அனுப்பிவைக்கலாம். விருப்பமுள்ளவர்கள் அருகில் இருக்கும் தாளில் தாங்கள் தரும் விலையை எழுதுவார்கள். பணத்தை வாங்கி ஓவியரிடம் சேர்ப்பது மாநாட்டின் பொறுப்பு. கைவினைப் பொருட்களுக்கும் அப்படியொரு பலகை வைக்கலாம். அங்கேயும் செய்தவரின் பெயரும் செய்த விதமும் பொருளுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் மேசைகள் குறையும், வருமானம் குறையும் என்று நீங்கள் கணக்குப் பார்க்கக்கூடும். முதல் ஆண்டில் அப்படி நடக்கலாம். ஆனால் அட்டைப்பெட்டியில் வரும் பொம்மையை வாங்க ஒருவர் நுழைவுச்சீட்டு எடுத்து, வரிசையில் நின்று உங்கள் அரங்குக்கு வரத் தேவையில்லை. அது அவருடைய கைப்பேசியிலேயே கிடைக்கிறது. தான் விரும்பும் கதையைத் தன்னைப் போலவே விரும்பும் இன்னொருவர், அதற்காகத் தன் மாலைகளைச் செலவழித்துச் செய்த பொருளைப் பார்ப்பதற்கும், அவரோடு நின்று பேசுவதற்கும்தான் அவர் வருகிறார். காமிக்கெட்டில் விற்பவர், வாங்குபவர், பணியாளர் என எல்லோரையும் 'பங்கேற்பாளர்' என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறார்கள். அங்கே 'வாடிக்கையாளர்' என்று எவரும் இல்லை. ஊசி எண் என்ன, இறக்கை எப்படி நிற்கிறது என்று என்னிடம் கேட்டுப்போன ஒருவர் இரண்டு ஆண்டு கழித்து எனக்கு நாலு மேசை தள்ளித் தாமே மேசை போட்டிருந்தார். பெட்டி பிரித்து அடுக்கிய மேசையில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

உங்கள் அடுத்த மாநாட்டின் விண்ணப்பப் படிவம் இன்னும் வெளிவரவில்லை என்றால், 'கையால் செய்த பொருட்கள் மட்டுமே' என்ற வரிக்குப் பதிலாக 'விண்ணப்பதாரர் தாமே செய்த அல்லது தாமே வடிவமைத்த பொருட்கள் மட்டுமே' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே பாதி முடிந்த பொருளின் படத்துக்கு ஓர் இடம் விடுங்கள். மாநாட்டு நாளன்று காலைச் சுற்றுக்கு ஆள் போதவில்லை என்றால் என்னையும் என் வரிசைத் தோழர்களையும் அழையுங்கள். எங்கள் மேசையை அடுக்கிவிட்டு, உங்களோடு வந்து நிற்கிறோம். முதலில் என் மேசையிலிருந்தே தொடங்கலாம். கண் பொருத்தாத ஒரு டிராகன் தலையும் ஊசியும் நூலும் எப்போதும் என் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
குரோஷே பொம்மைகள் பின்னும் ஒரு மேசைக்காரி